கடைசி வாய்

மினி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தும் எப்சிபாவுக்குக் கண் அயரவில்லை. விடிந்ததிலிருந்து மூன்று ஊர், மூன்று ஆராதனை, மூன்றிலும் ஒரே பிரசங்கம். மூன்றாவது ஊரில் பேசிக்கொண்டிருக்கும்போதே, யார் இந்தப் பொம்பளை, எப்போதுதான் முடிப்பாள் என்று அவளுக்கே அலுப்புத் தட்டிவிட்டது. அன்பு உள்ளே வந்தால் பயம் தன்னால் வெளியே போய்விடும் என்பதுதான் பிரசங்கம். கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. முன்வரிசையில் ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார், முடிந்ததும் வாசலில் கைகொடுத்து, "இன்னைக்கு எனக்குன்னே பேசுன மாதிரி இருந்துது ஐயரம்மா" என்றார். அவருக்கு என்ன பயமோ. அவளுக்கு இருப்பதைச் சொன்னால் சிரிப்பார். தலை பாதி வெளுத்தாயிற்று, சாவு வீட்டுக்கும் பேய் பிடித்ததென்று அலறும் வீட்டுக்கும் தனியாகப் போய்வருகிறவள், ஒரு பாத்திரத்தைக் கண்டு பயப்படுகிறாள். அந்தப் பாத்திரம் இப்போது மடியிலிருக்கும் சின்னத் தோல்பெட்டிக்குள் இருந்தது. பஸ் குழியில் இறங்கும்போதெல்லாம் அப்பத்தட்டில் மோதி ணங் என்றது. அவளுடைய வெள்ளைச் சேலையைக் கண்டதும் டிரைவர் குத்துப்பாட்டை நிறுத்திவிட்டு ஏதோ பக்திப் பாட்டைப் போட்டிருந்தார், ஞாயிற்றுக்கிழமைக்குச் செய்கிற மரியாதை. பாவம், குத்துப்பாட்டே இருந்திருக்கலாம், அதன் சத்தத்தில் இந்த ணங் கேட்காமல் இருந்திருக்கும். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுத்தால் போதும் என்று உடம்பு கெஞ்சியது. ஆனால் மாசில்லாமணி காத்துக்கொண்டிருப்பார். நாளைக்கு அவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கிறார்கள், கெட்டுப்போன நுரையீரலில் ஒரு துண்டை வெட்டி எடுக்கப் போகிறார்கள். அதற்கு முன் நற்கருணை வாங்கவேண்டும் என்கிறார். அவர் மனைவி தங்கபுஷ்பம்தான் போனில் சொன்னாள், தயங்கித் தயங்கி. "கத்தி வச்சா பொழைக்கதும் பொழைக்காததும் ஆண்டவர் கையிலங்காவ டாக்டரு. அதான் ஐயரம்மா. ஆனா பழைய பாத்திரத்தைக் கொண்டுட்டு வருவீயளான்னு கேக்கச் சொன்னாவ." கொண்டுவருகிறேன் என்று சொல்லியாயிற்று. சொன்ன வாய் எது, பயப்படுகிற வாய் எது என்று யோசித்தாள். இரண்டும் ஒன்றுதான், அதுதான் கஷ்டம்.

போன மாதம் அவருக்கு நற்கருணையைச் சின்னக் கிண்ணத்தில் கொண்டுபோனாள். விரற்கடை உயரக் கண்ணாடிக் கிண்ணம், ஆளுக்கு ஒன்று. கொரோனா வந்துபோன பிறகு கோயிலில் எல்லாருக்கும் அதில்தான். பெரிய பாத்திரம் பூட்டிய அலமாரிக்குள் போய்விட்டது. கமிட்டியில் அதைப்பற்றிப் பேச்சு வந்தபோது ஆளாளுக்குச் சண்டை போட்டார்கள், பழக்கத்தை மாற்றக்கூடாது என்றும் சுத்தம் முக்கியம் என்றும். அவள் ஒன்றும் சொல்லாமல் நடுவில் உட்கார்ந்திருந்தாள். ஐயரம்மா எந்தப் பக்கமும் சாயாமல் நடந்துகொண்டார் என்று பேர் வந்தது. சாயாமலா! உள்ளுக்குள் அவள் சின்னக் கிண்ணத்தின் பக்கம் விழுந்தே கிடந்தாள். அதற்கு முன்னால் இத்தனை வருஷம் ஊழியத்தில் ஒவ்வொரு முறையும் சபை முழுக்க வாய்வைத்த பாத்திரம் கடைசியில் அவள் கைக்கு வரும். ஜெபித்து ஆசீர்வதித்த திராட்சை ரசத்தைக் கீழே கொட்டக்கூடாது, மீந்ததை ஆராதனை நடத்தியவரே குடித்துத் தீர்க்கவேண்டும். எச்சில், மீசை, வெற்றிலை, சளி, எல்லாம் அதில் இருப்பதாக அவளுக்குத் தோன்றும். அதனால் அளவாக ஊற்றப் பழகினாள். எத்தனை பேர் எழுந்து வருகிறார்கள் என்று ஓரக்கண்ணால் பார்த்து, அத்தனை மிடறுக்கு மட்டும். கடைசி ஆள் குடித்ததும் பாத்திரம் காய்ந்திருக்கும். ஐயரம்மா சிக்கனம், ஒரு சொட்டு வீணாக்கமாட்டார் என்று அதற்கும் ஒரு பேர். பேருக்கு என்ன, அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது. ஐயரம்மா என்பதே அப்படி வந்ததுதான். சபைக் குருவான ஐயரின் மனைவியைத்தான் ஊரில் அப்படிக் கூப்பிடுவார்கள், ஐயரே பெண்ணாக வந்து நின்றபோது வேறு வார்த்தை யாருக்கும் அகப்படவில்லை, கல்யாணமே ஆகாதவள் இல்லாத ஐயருக்குப் பெண்டாட்டியாகிவிட்டாள். ஆனால் மாசில்லாமணி ஏமாறவில்லை. சின்னக் கிண்ணத்தை நீட்டியதும் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "எனக்குத் தனித் தம்ளராம்மா?" என்றார். கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். கோயிலில் இப்போது எல்லாருக்கும் இதுதான் என்று சொல்லத்தான் செய்தாள். அது உண்மை. உண்மையைச் சொல்லியே பொய் சொல்லமுடியும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தங்கபுஷ்பம்தான் வாசல்வரை வந்து, "தப்பா நெனைக்காதீய. அவிய தாத்தா காலத்துல டீக்கடைல தேங்காச் சிரட்டைலதான் ஊத்துவாவளாம். கோயில்ல மட்டும்தான் எல்லாரும் வாய்வச்ச பாத்திரத்துல இவியளுக்கும் குடுத்தாவளாம். அதுக்குன்னே கிறிஸ்தவ வேதத்துக்கு வந்த குடும்பம்" என்றாள். எப்சிபாவின் குடும்பத்தில் யாரும் சிரட்டையில் குடித்ததில்லை. சிரட்டையில் ஊற்றிய கைகள் இருந்திருக்கலாம். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. அதெல்லாம் இல்லை, இது வேறு பயம், உங்கள் தாத்தாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது. சொன்னாலும் கிண்ணம் கிண்ணம்தானே.

ஆலமர ஸ்டாப்பில் இறங்கி நடந்தாள். மத்தியான வெயில் உச்சந்தலையில் உட்கார்ந்துகொண்டது. செருப்பின் வார் புண்ணில் உரசியது. டாக்டர் சொன்னது அவளுக்கு மனப்பாடம், இவருக்காகவே போய் விசாரித்திருந்தாள். இந்தக் காசநோய் காற்றில் பரவுவது, பாத்திரத்தில் இல்லை. அதுவும் அவர் மாதக்கணக்கில் மாத்திரை போடுகிறார், சளியில் இப்போது கிருமியே கிடையாது, பக்கத்தில் உட்கார்ந்து பேசலாம், சாப்பிடலாம். பயப்பட ஒன்றுமில்லை மேடம் என்றார் டாக்டர். அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன, தொண்டைக்குத் தெரியவேண்டாமா. எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். முள் மாட்டினதுபோல் ஏதோ ஒன்று அங்கே நின்றது. வருஷா வருஷம் டவுனுக்குப் போய் யாருக்கும் சொல்லாமல் மார்பில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கிறாள், ஒவ்வொரு முறையும் சுத்தமாக இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அந்தப் படத்துக்காரன் சரியாக எடுக்கவில்லையோ என்று சந்தேகம். அம்மாவுக்கும் முதலில் சாதாரண இருமல்தான். பிறகு வீட்டுக்குப் பின்னால் வளவில் பூவரச மரத்தடியில் ஓலைச்சாய்ப்பு இறக்கி அம்மாவை அங்கே மாற்றினார்கள், தனிப் பாய், தனித் தட்டு, நீல விளிம்பு போட்ட வெள்ளைப் பீங்கான் தம்ளர். எப்சிபாவைப் பெரியம்மா பார்த்துக்கொண்டாள். கிணற்றடிவரை போகலாம், அங்கே நின்று அம்மாவோடு பேசலாம். அதற்கு மேல் ஒரு எட்டு வைத்தால் அம்மா கம்பை எடுத்துவிடுவாள். "கிட்ட வந்த, கொன்னுருவேன்" என்பாள். எறிவதற்கென்று பக்கத்தில் சின்னச் சின்னக் கல்லாகக்கூட வைத்திருந்தாள், மேலே படாமல் காலடியில் விழுகிறமாதிரி எறிவாள். அம்மாவுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தாள். எந்த வீட்டிலும் அம்மா குடிக்கிற காப்பியில் கடைசி வாய் பிள்ளைக்குத்தான். சீனி எல்லாம் அடியில் தங்கியிருக்கும், கேட்கவே வேண்டாம், தம்ளர் தன்னால் கைக்கு வரும். பக்கத்து வீட்டில் அப்படிக் குடிக்கிற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து, ஒரு நாள் அம்மா கண்ணை மூடிச் சாய்ந்திருந்த நேரத்தில் பூனைபோல் போனாள். தம்ளரில் கடைசி வாய் இருந்தது. ஆறிப் போயிருந்தது. குடித்துவிட்டாள். அம்மா கண்ணைத் திறந்து பார்த்த பார்வை இருக்கிறதே. எழுந்திருக்கவே ஆள் பிடிக்கவேண்டிய அம்மா பாய்ந்து வந்து அவளைக் கீழே தள்ளி, மடியில் தலையை அமுக்கி, இரண்டு விரலைத் தொண்டைக்குள் விட்டாள். துப்பு, துப்பு, துப்புட்டீ என்று கத்தினாள், அழுதாள். காப்பி வந்தது, காலையில் தின்றது வந்தது, பிறகு வெறும் தண்ணீர் வந்தது, அதற்கு அப்புறமும் விரலை எடுக்கவில்லை. அம்மா தொட்டது என்று எப்சிபாவுக்கு நினைவில் இருப்பது அது ஒன்றுதான். கொதிக்கிற மடி, எலும்பான இரண்டு விரல். அடுத்த மழைக்காலத்துக்கு முன்னால் அம்மா போய்விட்டாள். விரல் மட்டும் போகவில்லை. யாருடைய எச்சில் பட்ட எதுவும் உதட்டுக்கு வந்தால் போதும், உள்ளேயிருந்து அது வந்து நெறிக்கும். அன்பு வந்தால் பயம் போய்விடுமாம். அவள் வீட்டில் அன்புதான் கம்பை எடுத்தது, கல்லை எறிந்தது, தொண்டைக்குள் கையை விட்டுப் பயத்தை வைத்துவிட்டுப் போனது. இதை எந்தப் பிரசங்கத்தில் சொல்ல.

வாசலில் ஒரு முருங்கைமரம். தங்கபுஷ்பம் வாசல் தெளித்து வைத்திருந்தாள், அந்த வெயிலில் அது காய்ந்தும்விட்டது. "வாங்க ஐயரம்மா, வெயில்ல நடந்தே வந்துட்டீயளே. சாப்டீயளா?" என்றாள். சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு எப்சிபா உள்ளே நுழைந்தாள். கட்டிலில் தலையணைகளை முதுகுக்குக் கொடுத்து மாசில்லாமணி சாய்ந்திருந்தார். வெளுத்த சட்டை, பட்டன் எல்லாம் போட்டு, தலைக்கு எண்ணெய் தேய்த்துச் சீவி, கோயிலுக்குப் புறப்பட்டவர்போல. கல்குவாரியில் வேலை பார்த்தவர். கோயிலில் கீர்த்தனை எடுத்தால் ஓடு அதிரும், பக்கத்தில் நிற்கிற சின்னப்பிள்ளைகள் காதைப் பொத்திக்கொள்ளும். அந்த மார்பா இது. சட்டைக்குள் யாரும் இல்லாததுபோல் இருந்தது. அவர் அவளைப் பார்க்கவில்லை, பெட்டியைப் பார்த்தார். "கொண்டாந்துட்டேன் அண்ணாச்சி" என்றாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்து, "சரிம்மா" என்றார். அந்தச் சரியில் அவருக்கு ஒரு இருமல் செலவானது. ஸ்டூலில் வெள்ளைத்துணி விரித்து, தட்டை வைத்து, பாத்திரத்தை வைத்தாள். காலையில் சின்னக் கிண்ணங்களைப் பெட்டிக்குள் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள், கடைசியில் எடுத்து மேசையிலேயே விட்டுவிட்டு வந்தது நல்லதாகப் போயிற்று, இருந்திருந்தால் இப்போது கை அங்கேதான் போயிருக்கும். ரசத்தை ஊற்றினாள். மூன்று பேர், மூன்று மிடறு. கையின் அளவு அவளுக்கு ஒருநாளும் தப்பியதில்லை, இன்றைக்கு வெளியே ஏதோ பைக் போன சத்தத்தில் அவள் திரும்ப, முக்கால் பாத்திரத்துக்கு விழுந்துவிட்டது. கிராம்பு போட்டுக் காய்ச்சிய திராட்சை மணம் அறையில் ஏறியது. ஊற்றியதைத் திரும்பப் புட்டியில் விடலாமா என்று ஒரு நினைப்பு. மாசில்லாமணி பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஜெபம் வாயிலிருந்து தன்னால் வந்தது, மனசு வேறெங்கோ நின்று அதைக் கேட்டது. இத்தனை வருஷமாகச் சொல்லிச் சொல்லி வார்த்தைகளுக்கு அவள் தேவையே இல்லை. நடத்துகிறவர் முதலில், கூட இருக்கிறவர்கள் அடுத்து, நோயாளிக்குக் கடைசியில், அதுதான் முறை. முறை என்று ஒன்று இருக்கிறதே, அதற்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளலாம். அவள் குடித்தாள், சுலபமாக இறங்கியது, யாரும் தொடாத பாத்திரம். தங்கபுஷ்பத்திடம் நீட்டினாள். தங்கபுஷ்பம் கையை நீட்டவில்லை. "அவியளுக்குக் குடுங்க. அவிய குடிச்சபெறவு நான் குடிக்கேன்" என்றாள். நோயாளிக்குக் கடைசியில்தான் என்று எப்சிபா தணிந்த குரலில் சொன்னாள். "இருக்கட்டும். வீட்லயும் அப்டித்தான குடிக்கோம்" என்றாள் தங்கபுஷ்பம், சண்டையில்லாமல், சோற்றுக்கு எது குழம்பு என்று சொல்கிறமாதிரி. அவருக்குக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் பாத்திரத்தைப் பிடித்தார், பிடித்ததும் அவள் கையைச் சேர்த்துப் பிடித்துவிட்டார், விரல்கள் கொதித்தன. ஒரு வாய்கூட இறங்கவில்லை. உதடு நனைந்தது, இருமல் வந்துவிட்டது, பாத்திரத்துக்குள்ளேயே. ரசத்தின் மேல் ஒரு வளையம் ஓடி விளிம்பில் மோதியது. அவர் முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டு இருமினார், இருமலுக்கு நடுவில் "மன்னிச்சுக்கிடுங்கம்மா, மன்னிச்சுக்கிடுங்க" என்றார். தங்கபுஷ்பம் அவர் முதுகைத் தடவிக்கொண்டே அதே இடத்தில் வாய்வைத்து ஒரு மிடறு குடித்தாள். பாத்திரம் எப்சிபாவிடம் திரும்பி வந்தது. பாதிக்கு மேல் இருந்தது.

காற்றில்தான் பரவும், பாத்திரத்தில் இல்லை, அதுவும் சளியில் கிருமி கிடையாது, டாக்டர் சொல்லியாயிற்று. மண்ணில் ஊற்றலாம். அதற்கு வழி இல்லாமல் இல்லை, பழைய ஐயர் ஒருவர் மீந்ததை மரத்தடி மூட்டில்தான் மரியாதையாக ஊற்றுவார், தப்பில்லை, வாசலிலேயே முருங்கை நிற்கிறது, நாலு எட்டு. ஆண்டவரே, நாலு எட்டு நடந்தால் முடிந்தது. இது உம்முடைய ரத்தம் என்று சொல்லிக் கொடுத்துவிட்டு அதையே மரத்துக்கு ஊற்றுகிறேன், என்னை மன்னியும், நான் அம்மா இல்லாமல் வளர்ந்தவள், எனக்குக் கால் வலிக்கிறது. தலையணையில் சாய்ந்து கண்ணீர் வழிய மாசில்லாமணி பார்த்துக்கொண்டிருந்தார். அவளை அல்ல, பாத்திரத்தை. அது எங்கே போகிறது என்று மட்டும். அவர் தாத்தாவும் இப்படித்தான் பார்த்திருப்பார், முதல்முதலாகக் கோயிலில் முழங்காலில் நின்று, தன் வாய்பட்ட பாத்திரத்தை ஐயர் என்ன செய்யப்போகிறார் என்று. தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்தாள். தோளோடு தோளாக நின்று, அவருக்குக் கேட்காதபடி, "ஐயரம்மா, நீங்க செரமப்படாண்டாம். இங்க தாங்க, நான் குடிச்சிருதேன்" என்றாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. போன மாதமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் வெயிலில் வந்தவளுக்காக வாசல் தெளித்து, இப்போது அவளுக்காகக் கையையும் நீட்டுகிறாள், குற்றம் சொல்கிற முகமே இல்லை. எப்சிபாவுக்குத் திடீரென்று தாங்கமுடியாத அழுகை வந்தது. "உங்களுக்குப் பயமா இல்லையாம்மா?" என்று அவளும் அதே தணிந்த குரலில் கேட்டாள். "இல்லாம என்ன. தெனமுந்தான் இருக்கு. அதுக்காவ அவியள எங்க போயி வைக்க" என்றாள் தங்கபுஷ்பம். எப்சிபா பாத்திரத்தை வாய்க்குக் கொண்டுபோனாள். கிராம்பு மணம். உதட்டில் பட்டதும் விரல் வந்தது, எதிர்பார்த்த இடத்தில், எதிர்பார்த்த வேகத்தில், எலும்பான இரண்டு விரல், துப்பு, துப்புட்டீ. அம்மா. அம்மா, எனக்கு ஒன்றும் ஆகவில்லை. நீ விரலை விட்டதில் எல்லாம் வெளியே வந்துவிட்டது, பார், நான் கிழவியாகப் போகிறேன். நீ விரட்டினது எதற்கென்று எனக்குத் தெரியும். போதும் அம்மா, கையை எடு. விடு. விழுங்கினாள். ஒரு மிடறு இறங்கியது, நின்றது, இன்னொன்று இறங்கியது. பாத்திரத்தைச் சாய்த்து முழுக்கக் குடித்தாள். தண்ணீர் ஊற்றிச் சுழற்றி அதையும் குடித்தாள். வெள்ளைத்துணியால் துடைத்துக் கவிழ்த்து வைத்தாள்.

ஆசீர்வாதம் சொல்லி முடித்தாள். பிறகு மாசில்லாமணி, "பயந்துட்டீயளோம்மா?" என்றார். இல்லை என்று சொல்ல வாயெடுத்தவள், "ஆமா அண்ணாச்சி" என்றாள். "இப்பம்?" "இப்பமும் இருக்கு." அவர் சிரித்தார், சிரிப்பு இருமலாக மாறி மறுபடி சிரிப்பாக வந்தது. "எனக்கும் இருக்கும்மா. நாளைக்க நெனச்சா ராத்திரி ஒறக்கமில்ல. வெளிய சொல்லலை" என்றார். அவள் ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். காலையில் மூன்று ஊரில் சொன்னதில் ஏதோ ஒன்று தப்பு. பயம் எங்கேயும் வெளியே போகவில்லை, ஆள் வந்ததும் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து இடம்விடுவதுபோல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். வாத்தியாரைப் பார்த்தால் சொல்லவேண்டும். "நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வாரேன்" என்றாள். யோசித்துச் சொன்னதில்லை, சொன்ன பிறகுதான் நாளைக்கு வேறு வேலை எல்லாம் இருப்பது நினைவுக்கு வந்தது. அடுப்பில் காப்பி கொதிக்கிற மணம் வந்தது. தங்கபுஷ்பம் சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே கிளம்பினாள், எங்கே என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டில் ஒரு தம்ளர் வாங்கி வருகிறேன் என்றாள். "எதுக்கும்மா? உள்ள இருக்கதுலயே தாங்க" என்றாள் எப்சிபா. தங்கபுஷ்பம் வாசலிலிருந்து திரும்பி உள்ளே போனாள். எவர்சில்வர் தம்ளர், கல்யாணத்துக்கு வந்தது, விளிம்புக்குக் கீழே மாசில்லாமணி என்று பேர் வெட்டியிருந்தது. காப்பி சூடாக இருந்தது. ஊதி ஊதிக் குடித்தாள், களைப்புக்கு அது நன்றாக இருந்தது. கடைசி வாய்க்கு வந்தபோது அடியில் கரையாத சீனி தெரிந்தது. சுழற்றி அதையும் குடித்தாள்.